நீலக் கெளுத்தி கொத்தவில்லையா? ஓத ஆற்றில் கயாக் தூண்டிலுக்கான பிழை நீக்கும் வழி

ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொட்டோமாக், பட்டக்ஸன்ட், நான்டிகோக் என்று அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் கலக்கும் பெரிய ஆறுகள் எல்லாவற்றிலும் இன்று நீலக் கெளுத்தி குடியேறிவிட்டது. மிசிசிப்பி, மிசௌரி, ஒஹாயோ படுகைகளுக்கு உரிய மீன் இது. 1970-களில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்காக வர்ஜீனியா ஆறுகளில் கொண்டுவந்து விட்டார்கள். நன்னீர் மீன்தானே, உப்பைத் தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போகாது என்று நம்பினார்கள். அதுவோ உவர்நீரையும் தாங்கிக்கொண்டு ஆறு ஆறாகப் பரவியது. நீல நண்டு, மென்ஹேடன், ஹெர்ரிங், சிப்பி, நீர்ப்பூண்டு என்று வாயில் அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிறது. 2023-இல் மேரிலாந்து ஆளுநர், இந்த வந்தேறி மீன்களால் ஏற்பட்ட பாதிப்பை மீன்வளப் பேரிடராக அறிவிக்கும்படி கூட்டாட்சி அரசிடம் கோரினார். ஆகவே இந்த மீனைப் பிடித்துச் சாப்பிடுவது ஆற்றுக்கு நன்மைதான். அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதே என் அக்கறை.

கொத்து இல்லை என்றதும் பலரும் முதலில் இரையை மாற்றுகிறார்கள். என் கணக்கில் இரை மூன்றாவது சந்தேகம்தான். இவை ஓத ஆறுகள்: கடல் ஏறும்போது நீர் மேல்நோக்கியும் (ஏற்றம்), இறங்கும்போது கீழ்நோக்கியும் (வற்றம்) ஓடும். ஆகவே முதலில் நீரோட்டம், அடுத்து கயாக் எனும் சிறு துடுப்புப் படகு நிற்கும் விதம், அதற்குப் பிறகே இரையும் கொக்கியும். கீழே உள்ள குறைகளையும் இந்த வரிசை தெரியும்படியே எழுதியிருக்கிறேன்.

நெடுநேரமாக ஒரு கொத்துகூட இல்லை

கோல் நுனியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தூண்டில் நரம்பு நீருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். நரம்பின் இருபுறமும் நீர் பிளந்து சிறு சுருக்கம் விழுந்தால் ஓட்டம் இருக்கிறது. நரம்பு தொய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் மிதக்கும் இலையும் நகரவில்லை என்றால் நீர் நின்றுவிட்டது. நின்ற நீரில் வெட்டிய இரையின் இரத்தமும் எண்ணெயும் அந்த இடத்திலேயே தேங்கும். மோப்பம் பிடித்தும் சுவைத்தும் இரை தேடும் மீனுக்குச் செய்தி போய்ச் சேராது. அப்போது இரையை மாற்றிப் பயனில்லை. நரம்புகளைச் சுருட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

நீர் எப்போது நிற்கும், எப்போது ஓடும் என்பதைக் கணிப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நீர்மட்டம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் நடு ஆற்றில் நீர் மேல்நோக்கி ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா, நீர்மட்டத்துக்கு ஓர் அட்டவணையும் நீரோட்டத்துக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியாக வெளியிடுகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. உங்கள் இடத்துக்கு ஓட்ட அட்டவணை இல்லையென்றால் மட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு, ஓட்டம் திரும்பும் நேரத்தை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஏற்ற உச்சத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி என்பதால், இன்று குறித்த நேரம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஒரு குறிப்பு பல மாதங்களுக்கு உதவும்.

கழிமுகத்துக்கான அட்டவணையை எடுத்துக்கொண்டு ரிச்மண்டுக்குக் கீழேயோ வாஷிங்டனுக்குக் கீழேயோ போய் உட்காராதீர்கள். ஓத அலை கழிமுகத்திலிருந்து அவ்வளவு தூரம் ஏறி வரப் பல மணி நேரம் பிடிக்கும். மழைக்குப் பிறகு இன்னொரு மாற்றமும் உண்டு. மேலிருந்து வரும் வெள்ளம் வற்றத்தோடு சேர்ந்துகொள்வதால் கீழ்நோக்கிய ஓட்டம் நீளும், ஏற்றம் பலவீனமாகும். அருவி விளிம்பை, அதாவது ஓதம் ஏறி வரும் மேல் எல்லையை, ஒட்டிய பகுதிகளில் மட்டம் உயர்ந்தாலும் நீர் மேல்நோக்கித் திரும்பாமலே போகலாம். அந்த நாட்களில் அட்டவணையைவிட மிதக்கும் குச்சியை நம்புங்கள்.

ஓட்டம் நன்றாக இருந்தும் கொத்து இல்லையா? அப்படியானால் இடம் தவறு. ஆறு வளையும் இடத்தில் வெளி வளைவின் ஆழ ஓரம், கால்வாய் விளிம்பு சரிந்து இறங்கும் சரிவு, ஆழக்குழியின் மேல்விளிம்பு, வற்றத்தின்போது ஓடை வந்து சேரும் வாய் ஆகியவற்றைத் தேடுங்கள். முதல் நங்கூரத்தில் ஒரு தூண்டிலை ஆழத்திலும் மற்றொன்றைச் சரிவிலும் போடுங்கள். எது முதலில் கொத்து வாங்குகிறதோ அந்த ஆழத்துக்கு இரண்டையும் மாற்றுங்கள். அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லை என்றால் கிளம்புங்கள். துடுப்பு போடச் சோம்பி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கயாக்கில் மிகுதியான மீனை இழக்கச் செய்கிறது.

குளிர்காலத்தில் மீன் ஆழக்குழிகளில் திரளும். கோடை இரவுகளில் ஆழமற்ற திட்டுகளுக்கு மேய வரும். மே இறுதியிலிருந்து ஜூன் வரை பொந்துகளில் முட்டையிடப் பெரிய மீன்கள் ஒதுங்கும். அந்த வாரங்களில் கொத்து குறைந்தால் உங்கள்மீது பிழையில்லை.

கயாக் ஓரிடத்தில் நிற்கவில்லை, அல்லது குறுக்கே திரும்புகிறது

இதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் சரிசெய்ய முடியாது. உயிருக்கு ஆபத்து வருவதும் இங்கேதான் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

நங்கூரக் கயிற்றைக் கயாக்கின் நடுப்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். ஓட்டம் பக்கவாட்டில் அழுத்தி, கயிறு பிடித்து இழுக்க, கயாக் கவிழக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கயிறு முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோதான் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றின் பிடியை முனைக்கு நகர்த்த உதவுவது, பக்கவாட்டில் கப்பி வைத்து ஓடும் நங்கூர டிராலி. அது இல்லாமல் ஓத ஆற்றில் நங்கூரம் இட வேண்டாம்.

எந்த முனை என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பின்முனையில் கட்டினால் முகம் ஓட்டம் போகும் திசையைப் பார்க்கும், கோல்கள் கண்ணெதிரே இருக்கும். தூண்டிலுக்கு இது வசதி. ஆனால் ஆளின் எடையும் பெட்டியும் பனிக்கட்டியும் பின்னால்தான் இருக்கின்றன. ஓட்டம் வலுத்தால் பின்முனை நீருக்குள் இழுபட்டு அலை உள்ளே ஏறும். மென்மையான ஓட்டத்தில் மட்டும் பின்முனையில் கட்டுங்கள். கயிற்றைச் சுற்றி நீர் குமிழியிட்டு இரைய ஆரம்பித்ததும் பிடியை முன்முனைக்கு மாற்றுங்கள், கோலைத் திரும்பிப் பார்க்கும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மிஞ்சினால் நங்கூரத்தை எடுத்துவிட்டு ஓட்டம் தணிந்த உள்வளைவுக்குப் போங்கள்.

நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே போகிறது என்றால் பெரும்பாலும் கயிறு குட்டையாக இருக்கும். 15 அடி ஆழத்துக்குக் குறைந்தது 45 அடி கயிறு விடுங்கள், ஓட்டம் வலுத்தால் 75 அடி. ஏற்றத்தில் மட்டம் சில அடி உயரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சில அடி சங்கிலி இருந்தால் அது படுத்துக்கிடந்து சேற்றைப் பிடிக்கும்.

காற்று ஒரு பக்கம், ஓட்டம் எதிர்ப்பக்கம் என்றால் கயாக் நங்கூரத்தின் மேலேயே ஏறி நிற்கும், நரம்புகள் அடிப்பகுதிக்குள் புகுந்துவிடும். நீரை நிரப்பிக்கொண்டு இழுக்கும் துணிக்கூம்பான இழுவைப் பையை நங்கூரம் இல்லாத முனையிலிருந்து நீருக்குள் விடுங்கள். ஓட்டம் பையை நிரப்பிக் கீழ்நோக்கி இழுக்க, கயாக் ஓட்டத்தோடு நேராகும். அப்போதும் நிற்கவில்லை என்றால் காற்று மறைவான கரைக்கு மாறுங்கள். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக மோதும் அகன்ற நீர்ப்பரப்பில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அங்கே கயாக்கில் இருப்பது சரியல்ல.

ஓட்டம் திரும்பும் வேளையில் கயாக் அரைவட்டம் சுற்றும். அந்த நேரத்தில் கோல்கள் நீரில் இருந்தால் எல்லா நரம்பும் நங்கூரக் கயிற்றோடு பின்னிக்கொள்ளும். நீர் நிற்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சுருட்டிவிட்டு, புதிய திசையில் கயாக் நிலைத்த பிறகு மறுபடி போடுங்கள்.

நங்கூரம் அடியில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் குனிந்து இழுக்க வேண்டாம். துடுப்பு போட்டு நங்கூரத்தைத் தாண்டி ஓட்டத்துக்கு எதிரே போய், எதிர்த்திசையிலிருந்து முனை வழியாக இழுங்கள். முன்கூட்டியே செய்யக்கூடியது: சங்கிலியை நங்கூரத்தின் தலைப்பக்கத்தில், அதாவது கொக்கிகள் பிரியும் இடத்தில், பூட்டுங்கள். மேல் வளையத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் மட்டும் பிணையுங்கள். சிக்கும்போது பலமாக இழுத்தால் பட்டை அறுந்து நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். கயிற்றின் இந்த முனையில் மிதவையும், ஒரே இழுப்பில் விடுபடும் பிடியும் இருக்கட்டும். மார்பில் கத்தியும் இருக்கட்டும்.

இரை மட்டும் காணாமல் போகிறது

கோல் நுனி விட்டுவிட்டுத் துடித்து, பெரிய இழுப்பு ஏதும் இல்லாமல் கொக்கி வெறுமையாக வந்தால், எஞ்சியதைப் பாருங்கள். விளிம்பு வெட்டியதுபோல் சீராகக் குறைந்து, தோல் மட்டும் தொங்கினால் நண்டு. கோடையில் உவர்நீர்ப் பகுதிகளில் இது சகஜம். கொக்கியைக் கட்டும் கடைசித் துண்டு நரம்பான லீடரில், கொக்கியிலிருந்து சில அங்குலம் தள்ளி ஒரு சிறு மிதவையைக் கோத்தால் இரை தரையிலிருந்து எழுந்து நிற்கும், நண்டுக்கு எளிதில் எட்டாது. அப்படியும் தொல்லை தீரவில்லையென்றால் உப்பு குறைந்த மேல்பகுதிக்கு நகருங்கள். இரை கசங்கிக் கந்தலாக வந்தால் அது சிறு கெளுத்திகளின் வேலை. கட்டைவிரல் அளவுத் துண்டை விட்டுவிட்டு மீனின் தலையையே முழுதாகக் கோத்துப் போடுங்கள். தலை கெட்டியானது, எளிதில் பிய்ந்துபோகாது, சிறியவற்றின் வாய்க்கும் அடங்காது.

இரை கொக்கியில் அப்படியே இருந்து, வெளுத்து, பஞ்சு போலாகிவிட்டிருந்தால் அதில் சாறு போய்விட்டது. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை புதிய துண்டு மாற்றுங்கள். அன்று பிடித்த, ஹெர்ரிங்கின் உறவான கிஸர்ட் ஷாட் மீனுக்கு இணையான இரையை நான் கண்டதில்லை. மென்ஹேடனும் நல்லது.

இதில் ஒரு சட்டச் சிக்கலைக் கவனியுங்கள். ஆற்று ஹெர்ரிங் வகைகளை வைத்திருப்பது 2012 முதல் வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வசந்தத்தில் இரைக்கு வலை வீசினால் இரண்டும் கலந்து வரும். கையில் எடுத்து முதுகுத்துடுப்பைப் பாருங்கள். கிஸர்ட் ஷாட்டின் முதுகுத்துடுப்பில் கடைசி இழை மட்டும் நூல்போல் நீண்டு வால் பக்கம் படிந்திருக்கும். மூக்கு மழுங்கி முன்துருத்த, வாய் அதன் அடியில் இருக்கும். ஹெர்ரிங்குக்கு அந்த நூல் கிடையாது, வாய் முகத்தின் நுனியில் மேல்நோக்கித் திறக்கும். நூல் இல்லாததை உடனே நீரில் விடுங்கள். ஏற்கெனவே நலிந்த இனம் அது.

கோல் வளைகிறது, ஆனால் மீன் மாட்டவில்லை

வட்டக் கொக்கி போட்டுவிட்டுக் கோலை வெடுக்கென்று தூக்குவதுதான் காரணம். இந்தக் கொக்கி மீனின் வாயோரத்தில் தானாகச் சறுக்கி ஏறிப் பூட்டிக்கொள்ளும்படி வளைக்கப்பட்டது. வெடுக்கென்று இழுத்தால் வாய்க்குள்ளிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். கோலைத் தாங்கியிலேயே விட்டுவிடுங்கள். முதல் தட்டலுக்கும் இரண்டாவது தட்டலுக்கும் கை போகக்கூடாது. கோல் வளைந்து அப்படியே நிலைத்து நின்ற பிறகு, தாங்கியிலிருந்து எடுக்காமலே ரீலைச் சுற்றத் தொடங்குங்கள், எடை ஏறியதும் எடுங்கள்.

பொறுத்திருந்தும் நழுவுகிறதா? கொக்கியின் வாய் இரையால் அடைபட்டிருக்கும். துண்டின் ஓரத்தில் ஒரே ஒருமுறை குத்தி, கொக்கியின் வளைவு முழுதும் வெளியே தெரியும்படி விடுங்கள். பெரிய மீனுக்கு 8/0 அளவு பொருத்தமானது. முனை பக்கவாட்டில் திரும்பாத, நேரான வட்டக் கொக்கியையே வாங்குங்கள். ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீனும் இதே இரையை எடுக்கும். நேரான கொக்கி அதன் வயிற்றில் இறங்காமல் உதட்டிலேயே நிற்கும், உயிருடன் விடலாம்.

நங்கூரமில்லாமல் மிதந்துகொண்டிருந்தால் மீன் இழுக்கும்போது கயாக்கும் கூடவே போகும், கொக்கி ஏறப் போதிய எதிர்விசை கிடைக்காது. அப்போது ரீலிலிருந்து நரம்பு வழுக்கிப் போகும் இறுக்கத்தை, அதாவது டிராக்கை, சற்று இறுக்குங்கள், கவிழ்க்கும் அளவுக்கு அல்ல.

ஈயம் உருண்டு கரைக்கே வந்துவிடுகிறது, அல்லது அடிக்கடி மாட்டுகிறது

உருண்டை ஈயத்துக்குப் பதில் தட்டை ஈயம் போடுங்கள். ஓட்டத்தின் உச்சத்தில் 6 அவுன்ஸ்கூட வேண்டியிருக்கும், தணிந்ததும் 3 போதும். மரக்கிளைகள் மிகுந்த அடியில் ஈயத்தை மெல்லிய நரம்பில் தனியாகத் தொங்கவிட்டால், சிக்கும்போது ஈயம் மட்டும் போகும்.

மீன் பக்கத்தில் வந்தபின் கை மீறுகிறது

டிராக்கைப் புறப்படும் முன்பே சோதியுங்கள்: கயாக் சாயும் முன் நரம்பு வழுக்க வேண்டும். பெரிய மீன் மாட்டியதும் நங்கூரப் பிடியை விட்டுவிட்டு மிதவையை நீரில் போட்டுவிட்டுப் போங்கள், மீன் கயாக்கை இழுக்கட்டும், அதுவே அதைக் களைப்படையச் செய்யும். கோல் எப்போதும் முனைப்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் செங்கோணத்தில் இழுபடும்போதுதான் கவிழ்வு நேர்கிறது. உங்கள் தலை கயாக்கின் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

கெளுத்தியின் பக்கத் துடுப்பு முட்களும் முதுகு முள்ளும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். சிறிய மீனின் முள்தான் கூர்மை. பின்னாலிருந்து, பக்க முட்களுக்குப் பின்புறம் விரல்களைக் கொடுத்துப் பிடியுங்கள். பெரிய மீனை உதட்டுப் பிடியால் பிடித்து, களைத்த பிறகே மடிக்குக் கொண்டுவாருங்கள். மீனைக் கட்டிய கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள வேண்டாம்.

பிடித்தது நீலக் கெளுத்திதானா?

நிறத்தை நம்பாதீர்கள், கலங்கிய நீரில் எல்லாமே சாம்பல்தான். மீனைத் திருப்பி வயிற்றடியில், குதத்துக்குப் பின்னால் ஓடும் நீண்ட குதத்துடுப்பைப் பாருங்கள். அதன் விளிம்பு அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேராக, முப்பதோ அதற்கு மேலோ இழைகளோடு இருந்தால் நீலக் கெளுத்தி. விளிம்பு வளைந்திருந்தால் சானல் கெளுத்தியோ வெள்ளைக் கெளுத்தியோ இருக்கலாம். இந்த ஆறுகளின் சொந்த மீன் வெள்ளைக் கெளுத்தி. அதன் துடுப்பு குட்டையாக, இருபத்தைந்துக்குக் குறைவான இழைகளோடு இருக்கும், தாடையடி மீசைகள் வெளுத்திருக்கும். அதைக் கவனமாகத் திரும்ப விடுங்கள். தலை தட்டையாகி, கீழ்த்தாடை முன்துருத்தி, வால் பிளவுபடாமல் இருந்தால் அது தட்டைத்தலைக் கெளுத்தி. அதுவும் வந்தேறிதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

மேரிலாந்தில் நீலக் கெளுத்திக்கு அளவு வரம்போ எண்ணிக்கை வரம்போ இல்லை. வர்ஜீனியாவின் ஓத ஆறுகளில் 32 அங்குலத்துக்கு மேற்பட்டதை நாளுக்கு ஒன்றுதான் எடுக்கலாம் என்ற விதி உண்டு. அந்தந்த மாநிலத்தின் நடப்பு ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு நீர்நிலையில் பிடித்ததை உயிருடன் இன்னொன்றில் விடுவது குற்றம் மட்டுமல்ல, இந்தத் தொல்லை தொடங்கியதே அப்படித்தான்.

சமைத்தால் சேற்று வாடை அடிக்கிறது

பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடிய விட்டு, பனிக்கட்டியும் நீரும் கலந்த பையில் போடுங்கள். வெயிலில் கயிற்றில் தொங்கவிட்ட மீனை எந்த மசாலாவும் காப்பாற்றாது. தோலை உரித்த பின் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையையும் வயிற்றுக் கொழுப்பையும் மிச்சமில்லாமல் சீவி எடுங்கள். வாடை பெரும்பாலும் அங்கேதான். பிசிபி எனும் நச்சும் கொழுப்பில்தான் சேர்கிறது. மீன் பெரிதாக ஆக அது கூடும். ஆகவே சாப்பிட 2 முதல் 8 பவுண்டு வரையுள்ள மீன்களே சிறந்தவை. ஒவ்வொரு ஆற்றுக்கும் மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்பது வரை அதில் இருக்கும். குழந்தைகள், கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டில் அதைப் பார்க்காமல் அடுப்பு மூட்ட வேண்டாம்.

திரும்பும்போது ஓட்டத்தை எதிர்த்துக் கரைசேர முடியவில்லை

நடு ஆற்றில் போராடாதீர்கள். கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் ஓட்டம் தணிந்திருக்கும், சில இடங்களில் எதிர்த்திசையில்கூடச் சுழலும். அதைப் பிடித்து வளைவுக்கு வளைவு ஏறுங்கள். சரக்குக் கப்பலும் இழுவைப் படகும் வரும் கால்வாயைக் குறுக்கே, நேராக, ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள். இருட்டிவிட்டால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும், ஊதல் கழுத்தில் இருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி முதலிலிருந்தே உடலில் இருக்க வேண்டும். நீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும் மாதங்களில் நீர்புகா முழு உடை இல்லாமல் கயாக்கை இறக்க வேண்டாம். அடுத்த முறை நீங்கள் புறப்படும் நேரத்தையே மாற்றுங்கள்: போகும்போது ஏற்றத்தோடு மேல்நோக்கிப் போய், நீர் நின்று திரும்பும் வேளையை அங்கே கழித்து, வற்றத்தோடு இறங்கி வந்தால் மீன் நிறைந்த கயாக்கை ஆறே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.